போணிச் சாமியின் கட்டைவிரல்

ஓசூரில் எல்லாருக்கும் கட்டைவிரல் உண்டு. கம்பெனி வாசலில் வருகைப் பதிவுக்கு வைப்பதும் அதுதான், ரேஷன் கடையில் வைப்பதும் அதுதான். ரேகை தேய்ந்துபோய், ‘மறுபடி வைக்கவும்’ என்று மெஷின் அடம்பிடித்தால் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். ஆனால் வெள்ளிக் கவசம் போட்ட கட்டைவிரல் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது ராயக்கோட்டை சாலையில், முன்பு டயர் கடையாக இருந்த ஒரு தகர ஷெட்டில் எழுந்தருளியிருந்தது.

கவசமும் அதற்குள் இருந்த விரலும் கமலக்கண்ணன் என்பவருக்குச் சொந்தம். ஊர் அவரைப் போணிச் சாமி என்றது. போனில் கடை போட்டிருப்பவர்கள் அவரிடம் வருவார்கள். தங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து நீட்டுவார்கள். சாமி கண்ணை மூடி, கவசத்தைக் கழற்றி, ‘வாங்கு’ என்ற பொத்தானை ஓர் அழுத்து அழுத்துவார். முதல் போணி ஆகிவிட்டது. அவ்வளவுதான், மூச்சு விடுவதற்குள் ஆர்டர்கள் வந்து விழும். சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் அந்தக் கடையின் பக்கம் தெரியும். ஒவ்வோர் ஆர்டருக்கும் ‘டிங்’ என்று ஒரு மணி அடிக்கும். மாதக் கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்காத கடைக்குள் திடீரென்று மணி அடித்தால் எப்படி இருக்கும்? அழுதுவிடுவார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே தரையில் விழுவார்கள்.

அந்த டிங்குக்காகத்தான் அவ்வளவு கூட்டம். களிமண் ஜிமிக்கி, மூலிகை சோப்பு, பட்டுநூல் வளையல், தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம் என்று கையால் செய்து விற்பவர்கள் ஒரு பக்கம். பரணில் கிடந்த பித்தளையையெல்லாம் இறக்கிப் புளி போட்டு விளக்கி, ‘விண்டேஜ் என்றால் விளக்கக் கூடாது’ என்று யாரோ சொல்ல, மறுபடி அழுக்காக்கிக் கொண்டுவந்தவர்கள் இன்னொரு பக்கம். ஊத்தங்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. எல்லார் கையிலும் போன். சார்ஜ் தீர்ந்துவிட்டால் பாக்கியம் போய்விடுமே என்று மடியில் பவர் பேங்க்.

விரலுக்கு ஏகப்பட்ட விதிமுறைகள். சாமி அந்த விரலால் சோறு பிசைய மாட்டார், கரண்டிதான். சொறிய மாட்டார். வெள்ளிக்கிழமை தோறும் விரலுக்குப் பாலாபிஷேகம். அந்தப் பாலைக் கையேந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக் குடித்தார்கள். அன்று காலை அந்த விரல் எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி வந்துவிட்டால் இப்படிப்பட்ட சந்தேகங்கள் வருவதில்லை. வயிற்றுவலிதான் வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை, சாமி பணம் வாங்க மாட்டார் என்பது. பணத்தைத் தொட்டால் விரலுக்குத் தீட்டாம்.

மோகனப்ரியாவும் அந்த டிங்கைக் கேட்டு அழுதவள்தான்.

அவளும் கணவன் தங்கதுரையும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வந்த புதிதில் ஒரு கம்பெனியில் அவள் லைன் வேலை பார்த்தாள். ஷிப்ட் முழுக்க நின்றே ஆக வேண்டும். கால் வீங்கி, செருப்பு நுழையாமல், கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்த நாட்கள் உண்டு. அந்த வேலையை விட்டுவிட்டு, சந்தையில் காலால் மிதிக்கிற பழைய கறுப்புத் தையல் மெஷின் ஒன்றை வாங்கினாள். தொழிலாளர்கள் போடும் பருத்திக் கையுறையில் யானை செய்தாள். கையுறைக்கு ஐந்து விரல். நாலு கால், ஒரு தும்பிக்கை. கணக்குச் சரியாக வந்தது. யானைகளும் அழகாகத்தான் வந்தன. வாங்கத்தான் ஆள் வரவில்லை. மெஷின் ஓடாவிட்டால் மறுபடியும் லைனில் போய் நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவள் கணுக்கால் வலித்தது.

அதனால்தான் போணிச் சாமியிடம் போனாள். விரல் அழுத்தியது. டிங், டிங், டிங். இருந்த சேமிப்பையெல்லாம் போட்டுப் பஞ்சும் கையுறையும் வாங்கி, முதுகு ஒடிய யானை தைத்து அனுப்பினாள். பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் ஆர்டர்கள் அவை. போன யானைகள் அத்தனையும் கொஞ்ச நாளில் வீடு திரும்பின. ‘வாடிக்கையாளர் வாங்க மறுத்தார்’ என்று ஒவ்வொரு பார்சலிலும் ஒட்டியிருந்தது. சில யானைகளுக்குத் தும்பிக்கை நசுங்கியிருந்தது.

தங்கதுரை சாமியிடம் ஓடினான். தீர்ப்போடு திரும்பி வந்தான்.

“கோளாறு யானைகிட்ட இல்லையாம், பிரியா. மெஷின்லயாம்.”

“மெஷினுக்கு என்ன கோளாறாம்?”

“செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுதானே? முன்னாடி வச்சிருந்தவுக கண்ணீரு பட்டிருக்குமாம். பீடத்துல ஒரு மண்டலம் இருந்தா கழிஞ்சிரும்னு சொல்லிட்டாக. வெள்ளிக்கிழமை கொண்டாந்து வைக்கச் சொன்னாக.”

“ஒரு மண்டலம் நான் எதுல தைக்க? பல்லுலயா?”

“சாமி காசா கேட்டாக? ஒரு பைசா தொட மாட்டாகல்ல?”

“காசு கேட்டிருந்தா இல்லைன்னாவது சொல்லியிருக்கலாம்.”

“இதை விட்டா வேற வழி இருக்கா, சொல்லு. மறுபடி லைனுக்குப் போறியா? உன் காலை நான்ல பிடிச்சு விட்டேன். எனக்குத் தெரியாதா?”

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

தங்கதுரை ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வாளன். ஒரு தலைமுடி அளவு கூடினாலும் பீஸைச் சிவப்புக் கூடையில் வீசிவிடுவான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் எடுக்க மாட்டான். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் அளவுக் கருவியை லாக்கரில் வைத்துப் பூட்டும்போது கூடவே வேறு எதையோ சேர்த்துப் பூட்டிவிட்டு வந்துவிடுவான். ஓசூரில் பாதிப் பேருக்கு அந்த வழக்கம் உண்டு. உள்ளே போல்ட்டை நம்பாதவர்கள், வெளியே வந்தால் எலுமிச்சம்பழத்தை நம்புவார்கள்.

“கம்பெனியில ஒரு பீஸை எத்தனை தடவை அளப்பீக?” என்று கேட்டாள்.

“சந்தேகம்னா ரெண்டு, மூணு தடவை.”

“சாமியை எத்தனை தடவை அளந்தீக?”

“சாமியைப் போயி அளப்பாகளா?” தங்கதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான். “இப்படியெல்லாம் பேசுறதாலதான் யானை திரும்பி வருது.”

அன்று சாயங்காலம் அவள் மெஷினில் உட்கார்ந்து தைக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பழம்பொருள் விற்கும் பக்கங்களைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும். வாங்க முடியாத பொருள்களைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ அந்தக் கூஜாவில் தண்ணீர் குடித்திருப்பார்கள், அந்தக் கண்ணாடியில் பொட்டு வைத்திருப்பார்கள் என்று மனம் அதன் பாட்டுக்குப் போகும். அப்படிப் போய்க்கொண்டிருந்த மனம் ஒரு கொப்பரையில் தட்டி நின்றது.

‘பாளையக்காரர் அரண்மனைச் சமையலறையில் பரம்பரையாகப் பாயசம் காய்ச்சிய கொப்பரை. பக்கவாட்டுப் பள்ளம், போரில் ஏற்பட்டது.’

அந்தப் பள்ளத்தை அவளுக்குத் தெரியும். மாடிப்படியில் ஏறிப் போய் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் தொரப்பள்ளிக்காரர். நிலபுலன் உள்ள குடும்பம். நிலம் மனையாகப் பிரிந்து போனபின் டவுனில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பரணில் இருந்த பழைய சாமான்களைப் போனில் விற்பது அவருடைய புதுத் தொழில். அவருக்கும் ஆர்டர்கள் வந்தன, திரும்பின. அவர் வீட்டுக் கொப்பரையில் தோஷம் என்று சாமி சொல்ல, அது பீடத்துக்குப் போய் ஒரு மண்டலத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“சரோஜம்மா, இதைப் பாருங்களேன்.”

சரோஜம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அட, நம்ம கொப்பரை மாதிரியே இருக்குதே!”

“மாதிரி இல்ல. உங்க கொப்பரையேதான். பள்ளத்தைப் பாருங்க.”

“பள்ளம் போருல விழுந்துதுன்னு போட்டிருக்குதே.”

“உங்க வீட்டுக்காரர் டிராக்டர்ல இருந்து கீழ போட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“எங்க வீட்டுக்காரர் முனிராஜ் போட்டது நம்ம கொப்பரைம்மா. இது அரண்மனைக் கொப்பரை. ஒரே மாதிரி மனுஷங்களே இருக்கறாங்க, கொப்பரை இருக்கக் கூடாதா?” அவர் விலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “அம்மம்மா! சாமி நம்மளதத் திருப்பிக் குடுக்கட்டும். நானும் அரண்மனைன்னே போடறேன்.”

மோகனப்ரியா கீழே இறங்கி வந்தாள். அவளுக்கு இப்போது ஓரளவு புரிந்தது. காலால் மிதிக்கிற கறுப்பு மெஷினின் இரும்புக் கால்களை வைத்து பெங்களூரு காபிக் கடைகளில் மேசை செய்கிறார்கள் என்றும், அதற்குப் பெரிய கிராக்கி என்றும் அதே பக்கங்களில் பார்த்திருக்கிறாள். தன் மெஷினின் மேல் யாரோ காபிக் கோப்பையை வைப்பது போல ஒரு காட்சி வந்துபோனது. ஆனால் புரிந்தால் போதுமா? கணவனிடம் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். ஷெட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் போனில் புதிதாக ஒரு கடை திறந்தாள். ‘பிரியா நியூ கலெக்‌ஷன்’ என்று பெயர். ஒரே ஒரு பொருள். பஞ்சு வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து வைத்துப் படம் எடுத்தாள். கீழே எழுதினாள்:

‘காலிப் பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. வெளியேயும் விசேஷமில்லை. ஓரத்தில் எலி கடித்திருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.’

இணையச் சந்தையில் உண்மையை மட்டுமே சொன்ன முதல் விளம்பரம் அதுவாக இருக்கலாம்.

இதற்கும் ஆர்டர் வந்தால் குட்டு உடைந்துவிடும், எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். பாவம், கூட்டத்தோடு அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை தங்கதுரை லீவு போட்டான். மெஷினை டெம்போவில் ஏற்றி, கயிறு கட்டி, முன்னால் உட்கார்ந்தான். மெஷினுக்குத் துணையாகப் பின்னால் மோகனப்ரியா. சரோஜம்மாளும் போணிக்காக ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மெஷினின் மிதிபலகை தானாக ஆடி ஆடி, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் தைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

ஷெட்டில் அபிஷேகம் முடிந்திருந்தது. மைக்கைப் பிடித்து நின்றவன் சாமியின் சீடன் சுரேந்தர்.

“அடுத்து யாரு? கடை பேரைத் தெளிவா சொல்லுங்க, சாமிக்குக் கேக்கணும்!”

யார் பேரைச் சொன்னாலும் சுரேந்தர் அதை மைக்கில் மறுபடி சொல்வான். சொல்லிக்கொண்டே தன் போனிலும் எதையோ தட்டுவான். பதிவு செய்கிறானாம்.

முறை வந்ததும் மோகனப்ரியா முன்னால் போனாள். “சாமி, மெஷின் வந்திருக்கு, டெம்போவுல. அதை இறக்குறதுக்கு முன்னாடி என் புதுக் கடைக்கு ஒரு போணி பண்ணி விடுங்க.”

மெஷின் என்றதும் சாமியின் முகம் மலர்ந்தது. “புதுக் கடையா? பேஷா பண்ணலாம்.”

“பிரியா நியூ கலெக்‌ஷன்!” என்றான் சுரேந்தர் மைக்கில்.

கவசம் கழன்றது. கண் மூடியது. விரல் இறங்கியது.

டிங். டிங், டிங். டிங், டிங், டிங்.

கூட்டம் கைதட்டியது. “சுரேந்தர் அண்ணே, பொருளோட படத்தை டிவியில பெருசாக் காட்டுங்க,” என்றாள் மோகனப்ரியா. சுரேந்தர் தட்டினான். சுவர் நிறையக் காலிப் பெட்டி தெரிந்தது. எலி கடித்த ஓரம் கூடத் துல்லியமாகத் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். “காலிப் பெட்டி… உள்ளே ஒன்றும் இல்லை… தயவுசெய்து வாங்காதீர்கள்.”

டிங், என்றது டிவி. அதோடு ஒரு பாராட்டுரையும் வந்து விழுந்தது. ஐந்து நட்சத்திரம். ‘அருமையான தரம். என் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.’

கைதட்டல் நின்றது. சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து டிவியைப் பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டார். இதோ, சிரிக்கப் போகிறார்கள் என்று மோகனப்ரியா காத்திருந்தாள்.

“யம்மா!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் அலறினாள். “காலிப் பெட்டியையே வித்துட்டாரு சாமி!”

அவ்வளவுதான். ஷெட் குலுங்கியது. “வாங்காதீங்கன்னு எழுதியும் வாங்குறாங்கப்பா!” “மகளுக்குப் புடிச்சிருக்குதாம்!” ஒருவர் தன் பையிலிருந்த களிமண் பொம்மைகளைக் கீழே கொட்டிவிட்டு வெறும் பையைப் படம் எடுக்க ஆரம்பித்தார். இவ்வளவு நாள் கஷ்டப்பட்டுக் கையால் எதையாவது செய்துகொண்டிருந்தோமே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு.

தங்கதுரை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தெரியாமப் பண்ணிட்டா சாமி! மன்னிச்சிருங்க!”

சாமிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, அருள் வழியச் சிரித்தார். “குழந்தை நம்மளைச் சோதிச்சிருக்குது. பரவால்ல. ஒண்ணுமில்லாததுல இருந்துதான் உலகமே வந்துச்சு. போ, மெஷினை இறக்கு.”

தங்கதுரையும் டெம்போ ஓட்டுநரும் மெஷினை இறக்கி உள்ளே தூக்கி வந்தார்கள். ஒரு நொடி மோகனப்ரியாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் நம்புகிறார்களே, ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ? மெஷின் அவளைக் கடந்து போனபோது மிதிபலகை முழங்காலில் இடித்தது. நன்றாக வலித்தது. அவள் குனிந்து மிதிபலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ, விடு,” என்றான் தங்கதுரை.

“ஒரு நிமிஷம். சாமி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சக்தி உங்க விரல்ல இருக்கா, சுரேந்தர் அண்ணன் வாயில இருக்கா?”

“என்னம்மா பேச்சு இது!” என்று கூட்டம் சீறியது.

“விரல்லதான்னா, கடை பேரை எதுக்கு மைக்ல சொல்லணும்? பேரைச் சொல்லாம ஒரு தடவை அழுத்துங்க. இதே மாதிரி மணி அடிக்கட்டும். மெஷினை நானே தலையில தூக்கிக் கொண்டாந்து பீடத்துல வைக்கிறேன்.”

சாமி வெள்ளிக் கவசத்தை எடுத்து மாட்டினார். “இன்னைக்கு விரல் களைச்சுப் போச்சு.”

“ஆமாமா, இன்னைக்கு அவ்வளவுதான்,” என்றான் சுரேந்தர் அவசரமாக. “எல்லாரும் அடுத்த வாரம் வாங்க.”

அங்கேதான் தப்பு செய்தார்கள். வரிசையில் நின்றவர்கள் விடுவார்களா? “முதல் பஸ்ஸுல வந்து நிக்கிறோம்ங்க!” “எங்க சாமியால முடியாதா? அதெல்லாம் முடியும்! அழுத்துங்க சாமி, இவளுக்கு ஒரு பாடம் கத்துக் குடுங்க!” சாமியைச் சந்தேகித்தவள் ஒருத்தி. சாமியை மாட்டிவிட்டவர்கள் அவரை நம்பிய அத்தனை பேரும்.

எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தவர் சரோஜம்மாள். “அடுத்த டோக்கன் என்னுதுதான். என் கடையில அழுத்துங்க. நேத்துதான் பேரை மாத்தி வெச்சிருக்கறேன், இவளுக்குக்கூடச் சொல்லல.” சுரேந்தர் வாயைத் திறந்தான். “பேடா பேடா!” என்று அவனைக் கன்னடத்தில் தடுத்து, மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “நீ வாயே தொறக்காத. அப்புறம் உன் வாயாலதான்னு இவ சொல்லுவா. அந்தப் போனையும் குடு. சாமி மானத்தைக் காப்பாத்தணும் இல்ல?”

அவர் முழு பக்தியோடுதான் அதைச் செய்தார். டிவியை அணைக்கச் சொன்னார். தன் போனை ஒரு துண்டால் மூடி, பொத்தான் மட்டும் தெரியும்படி சாமி முன்னால் வைத்தார்.

சாமியின் நெற்றியில் விபூதி கரைந்து வழிந்தது. வேறு வழியில்லை. அழுத்தினார்.

டிங்.

“வந்துருச்சு!” என்று ஆரவாரம்.

“அது சாமி வாங்குனது,” என்றாள் மோகனப்ரியா. “மத்தது எங்க?”

காத்திருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சிலர் அதையும் ஆர்டர் என்று நினைத்துத் திரும்பினார்கள். போன் ஊமையாகவே கிடந்தது. சாமி மறுபடி அழுத்தினார். பிறகு, வராத லிஃப்டுக்கு அழுத்துவதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் வாங்க வாங்க டிங், டிங் என்று அடித்தது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது.

“சாமி, நீங்களே எல்லாத்தையும் வாங்கிட்டா எப்பிடி?” சரோஜம்மாளின் குரல் மாறத் தொடங்கியது. “காலிப் பெட்டிக்கு வருது, என் கூஜாவுக்கு வராதா? எங்க என் ஆர்டரு?”

அப்போது அவர் கையிலிருந்த போன் அடித்தது. அவருடைய போன் அல்ல, சுரேந்தருடையது. சுரேந்தர் பாய்ந்து பிடுங்க வந்தான். சரோஜம்மாள் முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டு, காதில் வைத்தார். இன்னொரு கையில் மைக் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஷெட் முழுக்க ஒரு குரல் ஒலித்தது.

“அண்ணே, கடை பேரு அனுப்பவே இல்லையே! இங்க பசங்க எல்லாரும் போனைத் தொறந்து வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கோம். டீ ஆறிப்போச்சு.”

சரோஜம்மாள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“அப்புறம் அந்தக் காலிப் பெட்டி வந்துச்சுன்னா, வழக்கம்போல வேணாம்னு திருப்பி அனுப்பிடவாண்ணே? அண்ணே?”

“ம்,” என்றார் சரோஜம்மாள். “எங்கடா இருக்கீங்க?”

“என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா? பின்னாடி ரூம்லதான் இருக்கோம்.”

கூட்டம் மொத்தமும் பீடத்துக்குப் பின்னாலிருந்த பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தது. ‘மூலஸ்தானம். உள்ளே வரக் கூடாது’ என்று அதில் எழுதியிருந்தது.

முதலில் போனது சரோஜம்மாள்தான்.

மூலஸ்தானத்தில் பாய் விரித்து, ஆளுக்கு நாலைந்து போன்களோடு இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பன்னை டீயில் முக்கியபடியே வாயைப் பிளந்து பார்த்தான். அவர்களுக்குப் பின்னால், தோஷம் கழிக்க வந்த சாமான்கள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தையல் மெஷின்கள், தறிக்கட்டை, மண்பாண்டச் சக்கரம், உரல், பெட்டி. எல்லாவற்றிலும் சீட்டு. தோஷம் போயிருந்ததோ இல்லையோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் வந்திருந்தது. போன வருஷம் தவணையில் வாங்கிய ஒரு மாவு மெஷினில் ‘வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்து’ என்று ஒட்டியிருந்தது. அதன் சொந்தக்காரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமிழ்த்தாள் சுற்றி, பெங்களூரு முகவரி ஒட்டி, கிளம்பத் தயாராக நின்றது ஒரு கொப்பரை.

“நம்ம கொப்பரை!” என்று கத்தினார் சரோஜம்மாள்.

“சேச்சே, இது அரண்மனைக் கொப்பரை,” என்றாள் மோகனப்ரியா. “பள்ளம் போருல விழுந்தது.”

சரோஜம்மாள் அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு கொப்பரையைத் தூக்கிக்கொண்டு சாமியைத் தேடி வெளியே வந்தார். அதில் அன்று இன்னொரு பள்ளம் விழுந்தது. நிஜமாகவே போரில் விழுந்தது.

கமலக்கண்ணன் முன்பு ஒரு கூரியர் ஆபீஸில் திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தவர் என்பது போலீஸ் வந்தபின் தெரிந்தது. ஆர்டர் போட்டுவிட்டு வாங்காமல் இருந்தால் கைக்காசு செலவில்லை என்று அவர் அங்கேதான் கண்டுபிடித்தார். மற்றதையெல்லாம் கண்டுபிடித்தது கூட்டம். விரலுக்குக் கவசம் போடச் சொன்னது ஒரு பக்தை. பாலாபிஷேகம் இன்னொருவர் யோசனை. அவர் பாட்டுக்கு வெறும் விரலோடுதான் தொழில் தொடங்கினாராம்.

தங்கதுரை மெஷினை மறுபடி டெம்போவில் ஏற்றி, முன்பைவிட இறுக்கமாகக் கயிறு கட்டினான்.

“அளந்தாச்சா?” என்று கேட்டாள்.

“ரிஜெக்ட்,” என்றான். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னையும் சேர்த்துத்தான்,” என்றான்.

அடுத்த சில நாட்களில் மோகனப்ரியா யானைகளை மொட்டைமாடி வெயிலில் நிறுத்தி மறுபடி படம் எடுத்தாள். அதுவரை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அவை காய்ச்சல் வந்த பன்றிக்குட்டிகள் மாதிரி இருந்தன. அதை எந்த விரலாலும் சரி செய்திருக்க முடியாது. எங்கோ சேலத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஒன்றே ஒன்று. அந்த யானை திரும்பி வரவில்லை.

ஒரு காலை அவள் தைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசலில் கூட்டம். படியிலிருந்து தெருமுனை வரை வரிசை. எல்லார் கையிலும் போன், மடியில் பவர் பேங்க். முன்னால் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் சரோஜம்மாள்.

“என்ன சரோஜம்மா இது?”

“ஒண்ணும் இல்லம்மா. அவ்வளவு பெரிய ஆளையே நீ ஒரு கேள்வியில சாய்ச்சுட்டே இல்ல? உன் கை ராசியான கைன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. அந்த ஆளு பொய், சரி. நீ நெஜம் இல்ல? என் கடைக்கு மட்டும் முதல்ல ஒரு அழுத்து…”

மோகனப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “கையில ஒண்ணும் இல்லம்மா. விரல் எல்லாருக்கும் இருக்கு. இத்தனை நாளா கடையை மட்டும் தொறந்து வச்சீங்க, தலையைத் தொறக்கவே இல்ல. போங்க, முதல் போணியை அங்க பண்ணுங்க.”

சரோஜம்மாள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, உரத்த குரலில் அறிவித்தார்.

“கேட்டீங்களா? இந்தத் தடவை போணி தலையிலயாம்! ஒவ்வொருத்தரா வந்து தலையை நீட்டுங்க!”

வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன.

“ஐயோ, நிமிருங்க!” என்று மோகனப்ரியா கத்தினாள். “தலை நீட்டுறதுக்கு இல்லம்மா. யோசிக்கிறதுக்கு!”